அறுவை சிகிச்சை முடியாது என்ற பிறகு

“இதை ஆபரேஷன் பண்ண முடியாதும்மா” என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவர் பேசுவது பெரும்பாலும் யார் காதிலும் விழுவதில்லை. வெளியே வந்து ஊருக்குப் போன் போடும்போது அது “டாக்டர் கைவிரிச்சிட்டாரு” என்று மாறியிருக்கிறது. ஆளுக்கொரு மருத்துவமனையின் பெயரைச் சொல்கிறார்கள். செகண்ட் ஒப்பீனியன் தேடும் அலைச்சல் இப்படித்தான் தொடங்குகிறது. தேடுவது சரிதான், தேடவும் வேண்டும். ஆனால் கிளம்புவதற்கு முன் முதல் மருத்துவரிடமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஏன் முடியாது? அதற்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் அடுத்து யாரிடம் போவது என்பதே முடிவாகும்.

சில புற்றுநோய்களுக்கு அறுவை சிகிச்சை முதன்மை மருத்துவமே இல்லை. லிம்போமா எனும் நிணநீர்ப் புற்று உடலில் பல இடங்களில் பரவிய நிலையிலும் மருந்தாலேயே பலருக்குக் குணமாகிறது. அங்கே கத்திக்கு வேலை பயாப்சி எடுப்பதோடு சரி. கருப்பைவாய்ப் புற்றுநோய் இன்னும் முக்கியமான உதாரணம். கட்டி கருப்பைவாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுக்களுக்குள் இறங்கிவிட்டால், அதாவது 2பி நிலையிலிருந்து, கதிர்வீச்சும் அதோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்தும்தான் வழக்கமான சிகிச்சை. 1999-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஐந்து ஆய்வுகளின் முடிவுகளைப் பார்த்து இந்தக் கூட்டுச் சிகிச்சையை மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. குணமாக்கும் நோக்கத்தோடு தரப்படும் மருத்துவம் இது. இது புரியாமல், கர்ப்பப்பையை எடுத்துவிட ஒரு சர்ஜனைத் தேடி அலையும் குடும்பங்கள் உண்டு. எங்காவது எடுத்தும் விடுகிறார்கள். நோய் உள்ளே மிச்சமிருக்க, பிறகு கதிர்வீச்சு கொடுப்பதும் சிக்கலாகிறது. இந்த ஒரு தவறைத் தடுக்கவாவது அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது கருத்து உண்மையிலேயே முடிவை மாற்றக்கூடிய சூழ்நிலை வேறு. கட்டி எங்கும் பரவவில்லை, ஆனால் இருக்கும் இடம் மோசம் என்ற நிலை அது. கணையத்தை எடுத்துக்கொள்வோம். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி அதை ஒட்டி ஓடுகிறது. கட்டி அந்தத் தமனியைத் தொடாமல் இருக்கிறதா, பாதிச் சுற்றுக்குள் நிற்கிறதா, அதற்கு மேலும் வளைத்துவிட்டதா என்பதை முக்கியமாகப் பார்த்துத்தான் முடியும், முடியாது, இப்போதைக்கு முடியாது என்று பிரிக்கிறார்கள். இப்போதைக்கு முடியாது என்றவர்களுக்குச் சில மாதங்கள் கீமோ கொடுத்து மறுபடி ஸ்கேன் எடுத்தால், சிலருக்கு அறுவை சிகிச்சை சாத்தியமாகிறது. கணையத்துக்கென்றே தனி முறையில் எடுக்கும் சிடி ஸ்கேனில்தான் இதெல்லாம் தெளிவாகத் தெரியும். வயிற்று வலிக்கென்று எடுத்த சாதாரண ஸ்கேனை வைத்து முடிவு சொல்லியிருந்தால், அதை இன்னொருவர் பார்ப்பது அவசியம்.

ஈரலும் அப்படித்தான். பெருங்குடல் புற்று ஈரலுக்குப் பரவிவிட்டால் ஒரு காலத்தில் அதோடு கதை முடிந்தது என்பார்கள். இன்று ஈரல் அறுவை நிபுணர், எத்தனை கட்டிகள் என்று எண்ணுவதைவிட, அவற்றை எடுத்த பின் எவ்வளவு நல்ல ஈரல் மிஞ்சும் என்றுதான் கணக்குப் போடுகிறார். மிஞ்சுவது போதாது என்றால், நோயுள்ள பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் ரத்தக் குழாயை அடைத்து, மறுபக்கத்தைச் சில வாரங்களில் வளரவைத்து, அதன் பிறகு அறுவை செய்யும் வழி இருக்கிறது. ஆகவே பொது அறுவை மருத்துவர் முடியாது என்பதையும், ஈரல் அறுவையிலேயே ஆண்டுகளைக் கழித்தவர் முடியாது என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதயமோ நுரையீரலோ மயக்க மருந்தைத் தாங்காது என்பது காரணமானால், அதே கட்டிக்குக் கதிர்வீச்சு உதவுமா என்று கதிர்வீச்சு மருத்துவரிடம் கேளுங்கள். ஆரம்பநிலை நுரையீரல் புற்றில் அது நல்ல மாற்று. நோய் பல இடங்களுக்குப் பரவிவிட்டது என்பது காரணமானால் சர்ஜனைத் தேடுவதில் பயன் குறைவு; மருந்துச் சிகிச்சை தரும் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். நுரையீரல் அடினோகார்சினோமா உள்ள கணிசமான இந்தியர்களின் கட்டியில் இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருக்கிறது. இருந்தால் மாத்திரையே முதல் சிகிச்சையாகலாம். அந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்கத் தெரிந்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு சந்தேகம் உண்டு: நோயின் பெயர் சரிதானா? காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில், நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் முதுகெலும்பிலும் அது புற்றுநோய் போலவே ஸ்கேனில் தோன்றுவதுண்டு. ஸ்டீராய்டுக்கு அடங்கும் ஒருவகைக் கணைய அழற்சியும் கணையப் புற்றைப் போலவே தெரியும். அதனால் பயாப்சி அறிக்கையின் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதாது. கண்ணாடி ஸ்லைடுகளையும், பிளாக் எனப்படும் மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்க வேண்டும். புதிய நோயியல் நிபுணர் அவற்றைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்கேனுக்கும் ஃபிலிம் போதாது, படங்கள் பதிந்த குறுந்தகடு வேண்டும்.

எங்கே போவது? அறுவை, மருந்து, கதிர்வீச்சு மருத்துவர்களும் ஸ்கேன், நோயியல் நிபுணர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் ட்யூமர் போர்டு எங்கே நடக்கிறதோ அங்கே. 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் முன்முயற்சியில் 2012-ல் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, ஆவணங்களை இணையத்தில் அனுப்பிக் கருத்துப் பெறும் வசதியையும் ஏற்படுத்தித் தந்திருக்கிறது. முடியாத நோயாளியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற வேண்டும் என்பதில்லை.

“டாக்டர் கோவிச்சுக்குவாரோ” என்ற தயக்கம் நம்மிடம் ஆழமானது. அதற்கு இடமே இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்துப் பெறுவதும் ஓர் உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது. காலம் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் பெரும்பாலான கட்டிகளில் இரண்டு வாரம் பெரிய வித்தியாசம் செய்யாது. கடும் ரத்தப் புற்று, தண்டுவடம் நசுங்குதல், குடல் அடைப்பு, நிற்காத ரத்தப்போக்கு ஆகியவற்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. சிகிச்சையைத் தொடங்கிவிட்டுப் பிறகு கேட்கலாம்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. “அப்பாவுக்குத் தெரிய வேணாம்” என்று சொல்லிவிட்டு, அப்பாவின் உடலைப் பற்றி மற்ற எல்லோரும் கருத்துக் கேட்டுக்கொண்டிருப்பது. எட்டு மணி நேர அறுவையைத் தாங்கி இன்னும் சில காலம் வாழ வேண்டுமா, வீட்டில் வலியில்லாமல் இருந்தால் போதுமா என்பதை எந்த நிபுணரும் அவருக்காகச் சொல்ல முடியாது.

இரண்டாவது மருத்துவரும் முடியாது என்றே சொல்லலாம். அப்போது அதை நம்புங்கள். ஸ்லைடைக்கூடப் பார்க்காமல் முழுக் குணம் என்று வாக்களிப்பவரிடம் நிலத்தை விற்ற பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அப்போது கேட்க வேண்டியது வலி தணிப்பு மருத்துவம்; அது கடைசி வாரத்துக்கானது மட்டும் அல்ல. பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரைக் கொண்டு பாஸ்டனில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், அந்தக் கவனிப்பைத் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து, மற்றவர்களைவிட இரண்டு மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

நாளை மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அறுவை சிகிச்சை ஏன் முடியாது என்பதை இரண்டு வரி எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு மருத்துவப் பதிவுகளையும் எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தந்தாக வேண்டும்.