கண்புரையாம், கண்புரை!

பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே பெயரை எடுத்தாலே போதும், ஒரு அதிமேதாவி ஆரம்பித்துவிடுவார். “அவருக்குக் கண்புரை சார்! எல்லாம் கலங்கலாத் தெரிஞ்சுது. அப்படியே வரைஞ்சுட்டார்.” நீங்களும் கேட்டுத் தலையாட்டியிருப்பீர்கள்.

கொஞ்சம் வருஷத்தைக் கவனியுங்கள். டாக்டர்கள் கண்புரை என்று சொன்னது 1912-ல். பாரீஸை அடுத்த ஃபோன்தேன்ப்ளோ காட்டில் உட்கார்ந்து ‘போட்மர் ஓக்’ மரத்தை மோனே வரைந்தது 1865-ல். வயசு 24! படம் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. தரையெல்லாம் செம்பழுப்புச் சருகு. இலைகளுக்கு நடுவே புகுந்து வருகிற வெயில், திட்டுத் திட்டாக. இதுவா பார்வை மங்கிய ஆள் பார்த்த காடு?

நிழல் என்றால் கறுப்பு என்று யார் சொன்னது? வெயில் படாத இடத்திலும் நீல வானத்தின் வெளிச்சம் விழுகிறது. பச்சை இலையில் பட்டுத் தெறித்ததும் சேர்ந்துகொள்கிறது. சந்தேகமிருந்தால் நல்ல வெயிலில், மரத்தடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பாருங்கள்.

ரெனுவார் அதைத்தான் செய்தார். மரநிழலில் இருக்கும் பெண்ணின் உடம்பில் பச்சையும் ஊதாவும் தீற்றினார். 1876 கண்காட்சியில் அதைப் பார்த்த ‘லெ ஃபிகாரோ’ விமர்சகர் ஆல்பெர் வோல்ஃப், அழுகுகிற பிணம் என்கிற அளவுக்குப் போய்விட்டார். நம்ம அதிமேதாவிக்குப் பெரியப்பா!

மோனேயின் கடைசிக் காலப் படங்களில் ஏறிய சிவப்புக்குக் கண்புரையைக் காரணம் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். 1923-ல் ஆபரேஷனே நடந்தது. ஆனால், அதற்கு 58 வருஷம் முந்தைய காட்டுக்கும் அதே மருந்துச்சீட்டா?