படம் கீறுகிறவனிடம் கேட்கப்படும் கேள்வி

யாழ்ப்பாணத்தில் படம் வரைவதைப் 'படம் கீறுதல்' என்பார்கள். பல்கலைக்கழகம் வரை சென்று படம் கீறப் பயிலும் மாணவர் எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்பியதில்லை. "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" வீட்டில் அது கவலையாக வரும், கலியாண வீட்டில் ஏளனமாக வரும், கோடை விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் மாமாவிடமிருந்து அறிவுரையாக வரும். நாளடைவில் மாணவரே அதைத் தம்மிடம் கேட்கத் தொடங்கிவிடுகிறார். ஓவியத்தின் பயன் யாது, நோக்கம் யாது என்று குற்றவாளிக் கூண்டில் நின்றவரைப்போல விளக்கமளிக்க முற்படுகிறார்.

அந்த விளக்கத்தை அவர் அளிக்க வேண்டியதில்லை என்பதே என் கட்சி. கேள்வி கேட்பவர்களைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஓவியனிடம் நம் சமூகம் மூன்று வேலைகளை எதிர்பார்க்கிறது. இறந்தவரின் முகத்தை அந்தியேட்டிக் கல்வெட்டின் அட்டைக்கு வரைந்து தர வேண்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வரவேற்பறைச் சுவரில் தொங்குவதற்குப் பனைமரமும் மாட்டு வண்டியும் வரைய வேண்டும். வெளியிலிருந்து வரும் கலை ஆர்வலர்களுக்குப் போரின் காயத்தை வரைந்து காட்ட வேண்டும். மூன்றும் இழிவான வேலைகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றிலும் எதைப் பார்க்க வேண்டும் என்பதை வாங்குபவர் முன்னரே தீர்மானித்துவிட்டார். ஓவியனின் கை மட்டுமே அவருக்குத் தேவை, கண் தேவையில்லை.

அச்சுவேலியை எடுத்துக்கொள்வோம். ஓவியர் ஆசை இராசையா 1946இல் பிறந்த ஊர் அது. கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியில் பயின்று, இலங்கை அஞ்சல் திணைக்களத்துக்கு முத்திரைகள் வரைந்து, மாணவர்களுக்கு ஓவியம் கற்பித்து, 2020இல் மறைந்தவர். நிலக்காட்சியும் மனித முகமும் அவருடைய பெருவிருப்பங்கள். யதார்த்தப் பாணியில் இப்படி வரைகிறவர்கள் நம்மிடையே இரண்டு விதமாகத் தீர்க்கப்படுகிறார்கள். "அச்சொட்டாகப் புகைப்படம் போலவே இருக்கிறது" என்று ஒரு சாரார் புகழ்வர். "புகைப்படம் போலத்தானே இருக்கிறது" என்று நவீனம் பேசும் மறுசாரார் ஒதுக்குவர். இரு சாராரும் படத்தின் முன் அரை நிமிடம்கூட நின்றிருக்க மாட்டார்கள். புகைப்படக் கருவி ஒரு கணத்தின் துணுக்கை எடுக்கிறது. ஓவியனோ வெயில் சாய்ந்து நிழல் நீளும்வரை ஒரே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். செம்மண் எந்த இடத்தில் சிவப்பாக இல்லை என்று கண்டுபிடிக்கிறான். எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்கிறான். கணினி நொடிப்பொழுதில் ஆயிரம் படங்களை உமிழும் இக்காலத்தில், இந்த நெடும் பார்வைக்கு முன்னைவிட மதிப்பு கூடியிருக்க வேண்டும்.

குருநகரில் 1933இல் பிறந்த ஓவியர் அ. மாற்குவுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். அவர் யதார்த்தத்தை விட்டு நவீன வழியில் நடந்தார். அவ்வழியில் நடப்பவர்களுக்கு நாம் வைத்திருக்கும் தீர்ப்பு 'விளங்கவில்லை' என்பது. விளங்கினால் புகைப்படம், விளங்காவிட்டால் கிறுக்கல் என்றால் ஓவியன் எங்கேதான் போவான்? 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் மாற்குவின் படைப்புகளில் பெரும்பகுதி அழிந்தது. அவர் 2000இல் காலமானார். 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்துக்காக நாம் நியாயமாகவே இன்றும் குமுறுகிறோம். இழந்த ஓவியங்களுக்காகக் குமுறியவர் எத்தனை பேர்?

யாழ்ப்பாணத்துக்கு ஓவிய மரபு கிடையாது என்ற சாக்கும் செல்லாது. கொழும்பில் புகழ்பெற்ற '43 குழு' தோன்றியது 1943இல். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1938இல், எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஆட் கிளப்பைத் தொடங்கிவிட்டார்.

போர் நடந்த மண்ணில் ஓவியன் சாட்சி சொல்லாமல் செம்மண்ணையும் நிழலையும் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மூன்றாம் வேலையை ஓவியன்மீது சுமத்துவோரின் வலுவான வாதம் இது. இதற்கு விடை 2011இல் வெளிவந்த ஒரு நூலில் இருக்கிறது. யாழ் பல்கலைக்கழகக் கலை வரலாற்று ஆசிரியரும் ஓவியருமான தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்களிடம் அவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அப்படங்களோடு கட்டடக்கலைஞரின் அளவுப்படங்களையும் தம் சித்திரங்களையும் சேர்த்து ஆக்கிய அந்நூலுக்கு, ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டை நினைவூட்டும் 'தோம்பு' என்ற சொல்லைப் பெயரில் வைத்தார். வரைந்தவர்கள் ஓவியர்கள் அல்லர். கோடு கோணலாகப் போயிருக்கலாம். ஆயினும் வாசல் எங்கே, அறை எங்கே என்று அவர்கள் கை அறிந்திருந்தது. குண்டும் குருதியும் இன்றியே அது சாட்சியமாயிற்று. நன்றாகப் பார்க்கப்பட்ட எதுவும் சாட்சியமாகும். எதைப் பார்ப்பது என்ற கட்டளை வெளியிலிருந்து வரக்கூடாது.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்குண்டு. ஓவியக் கண்காட்சி பற்றிய செய்தியைப் படித்துப் பாருங்கள். மங்கல விளக்கேற்றியவர், நாடா வெட்டியவர், வாழ்த்துரை வழங்கியவர் எல்லோரும் இருப்பார்கள். சுவரில் என்ன தொங்கியது என்பதற்கு ஒரு வரி இராது. பாடசாலைகளிலோ சித்திரம் என்பது பரீட்சைப் புள்ளிக்கான பாடம். 'கெட்டிக்காரப் பிள்ளை' உயர்தரத்தில் அதைத் தொடக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களுக்கு ஒரு சொல். உங்கள் பழைய மாணவர் சங்கங்கள் மண்டபம் கட்டுகின்றன, நுழைவாயில் வளைவு கட்டுகின்றன, அவற்றில் நன்கொடையாளர் பெயர்களைப் பொறிக்கின்றன. அடுத்த முறை அந்தப் பணத்தில் சிறு பகுதியை ஒதுக்கி, உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் சுவருக்கு ஓர் இளம் ஓவியரிடம் ஓவியம் ஒன்று வாங்குங்கள். பனைமரம் வேண்டும், மாட்டு வண்டி வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். அவர் எதைத் தருகிறாரோ அதைத் தொங்கவிடுங்கள். ஊருக்குப் போகும்போது அதன் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். பிறகு விரும்பினால் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.