நீதிபதி படித்தார், கல்லூரிக்கு என்ன வெட்கம்?

சென்னை ஐகோர்ட்டில் ஒரு நீதிபதி மாணவர் ஆனார்!

நடந்தது 2021-ம் ஆண்டு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள். ஒருவரை ஒருவர் நேசித்தார்கள். வீட்டில் எதிர்ப்பு. இருவரும் சென்னைக்கு வந்துவிட்டார்கள். "பெண்ணைக் காணவில்லை" என்று பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்பு கேட்டு ஐகோர்ட்டுக்கு வந்தார்கள்.

வழக்கு, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இந்த விஷயம் தமக்கே முழுதாக விளங்கவில்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். மனநல நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதன் பிறகுதான் விரிவான உத்தரவு எழுதினார்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல அவருக்கு வெட்கம் இல்லை. சபாஷ்!

ஆனால், இங்கே ஒரு கேள்வி. அவ்வளவு படித்தவரே ஒரு நிபுணரைத் தேட வேண்டியிருந்தது. மூன்று வருஷம் கல்லூரிக்குப் போய் வரும் சாதாரணப் பிள்ளைகளின் கதி என்ன?

விலங்கியல் மாணவனுக்குக் கருமுட்டை பற்றிப் பாடம் உண்டு. சமூகவியல் மாணவனுக்குக் கல்யாண முறைகள் பற்றிப் பாடம் உண்டு. இவன் அதைப் படிப்பதில்லை. அவன் இதைப் படிப்பதில்லை. பி.காம். மாணவனுக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை!

உடம்பு பற்றிய அறிவும், ஊர் வழக்கம் பற்றிய அறிவும் ஒரே வகுப்பில் சேர வேண்டும். அப்போதுதான் அது பாலியல் கல்வி.

குளவி வாத்தியார்

இதை ஏற்கனவே செய்து பார்த்தவர்கள் உண்டு.

அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகம். அங்கே ஆல்பிரட் கின்ஸி என்று ஒரு விலங்கியல் பேராசிரியர். மரங்களில் முடிச்சு உண்டாக்கும் ஒரு சின்னஞ்சிறு குளவியைப் பல வருஷம் ஆராய்ந்தவர். 1938-ம் ஆண்டு அவர் தலைமையில் "திருமணம்" பற்றி ஒரு வகுப்பு தொடங்கியது. அவர் மட்டும் பாடம் நடத்தவில்லை. சட்டம், பொருளாதாரம், சமூகவியல், மருத்துவம் என்று பல துறை ஆசிரியர்கள் வந்து பேசினார்கள்.

மாணவர்கள் கேள்வி கேட்டார்கள். கின்ஸி திகைத்தார். பதில் சொல்ல நம்பத்தகுந்த கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை! குளவிக்கு இருந்த கணக்கு மனிதனுக்கு இல்லை.

அவர் மழுப்பவில்லை. மனிதர்களை நேரில் பார்த்துப் பேசிக் கணக்கு எடுத்தார்.

ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. 1940-ல் பல்கலைக்கழகத் தலைவர், "வகுப்பா, ஆராய்ச்சியா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்றார். கின்ஸி ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுத்தார். 1948-ல் ஆண்கள் பற்றிய புத்தகம் வந்தது. 1953-ல் பெண்கள் பற்றிய புத்தகம். ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பேட்டி ஆதாரம்.

ஆள் எடுத்த முறை சரியில்லை என்று புள்ளியியல் நிபுணர்கள் குறை சொன்னார்கள். அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் ஒன்று நிலைத்தது. மனித உடலும் ஆசையும் படிக்கத் தகுந்த பாடம்தான் என்று ஆகிவிட்டது.

பெண் பிள்ளையா?

"அதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாசாரம். நமக்கு எதுக்குங்க?" என்று கேட்கலாம்.

நம் வீட்டுச் சமாசாரத்துக்கே வருவோம்.

மருமகளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. மாமியார் முகம் திரும்புகிறது. "ஆம்பளைப் பிள்ளை பெத்துக் கொடுக்கத் துப்பில்லை" என்று திட்டு விழுகிறது.

உண்மை என்ன? பெண்ணின் கருமுட்டையில் எப்போதும் "எக்ஸ்" குரோமோசோம்தான். ஆணின் உயிரணுவில்தான் "எக்ஸ்" அல்லது "ஒய்" இருக்கும். "எக்ஸ்" சேர்ந்தால் பெண். "ஒய்" சேர்ந்தால் ஆண். அதாவது, திட்டு வாங்க வேண்டிய ஆள் மருமகள் அல்ல! யாரையும் திட்ட வேண்டியதில்லை என்பது வேறு விஷயம். அது அவன் கையிலும் இல்லை.

இதற்கு வழி காட்டியவரும் ஒரு பெண்தான். அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த நெட்டி ஸ்டீவன்ஸ். ஒரு வண்டின் உயிரணுக்களை ஆராய்ந்து 1905-ம் ஆண்டு கண்டு சொன்னார்.

1905-ல் தெரிந்த உண்மை! 80 ஆண்டு கழித்தும் உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்கள் கொல்லப்பட்டன. 1992-ல் அரசு தொட்டில் குழந்தை திட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

உயிரியல் மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருக்குமா? பிழைத்திருக்காது. குரோமோசோம் பாடம் படித்த பட்டதாரிகளும் ஸ்கேன் சென்டர் வாசலில் நின்றார்கள். ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

ஏன்? வரதட்சணை. கொள்ளி போட மகன் வேண்டும் என்ற எண்ணம். சொத்து மகனுக்கே என்ற வழக்கம். தமிழ்நாட்டில் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்த சட்டம் 1989-ல்தான் வந்தது.

உடம்பு பாதிக் கதை. ஊர் மீதிக் கதை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மாமியாருக்குப் பதில் கிடைக்கும்.

லாட்ஜ் வைத்தியர்

அடுத்தது, வாலிபர்கள் விஷயம்.

"வாலிப, வயோதிக அன்பர்களே!" என்று அழைக்கும் விளம்பரத்தைப் பார்க்காதவர் யார்? லாட்ஜில் ரூம் போட்டு, வைத்தியர் காத்திருப்பார். விந்து ஒரு சொட்டு போனால் எத்தனையோ சொட்டு ரத்தம் போன மாதிரி என்பார். "வாழ்க்கையே போச்சு தம்பி" என்று மிரட்டுவார். லேகியம் கைமாறும். பையனின் சம்பளமும் கைமாறும்!

உடம்பு சொல்வது வேறு. உயிரணு நாள்தோறும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகிறது. வெளியேறாதவற்றை உடம்பே உறிஞ்சிக்கொள்கிறது. தூக்கத்தில் வெளியேறுவது நோய் அல்ல. ரத்தம் குறைவதும் இல்லை.

ஆனாலும் அந்தப் பையனின் சோர்வு நடிப்பு அல்ல. பயத்தால் வந்த சோர்வு. தூக்கம் போகிறது, பசி போகிறது. இந்திய மனநல டாக்டர் என்.என்.விக் 1960-ல் இதற்கு "தாது" என்ற சொல்லை வைத்தே பெயர் கொடுத்தார். ஊர் நம்பிக்கை உண்டாக்கும் நோய் இது!

இது இந்தியாவின் தனிச்சொத்தும் அல்ல. சுவிட்சர்லாந்து டாக்டர் டிசோ 1760-ல் இதே பயத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். ஐரோப்பாவே நம்பியது. பிறகு மருத்துவம் வளர்ந்தது, பயம் தேய்ந்தது. அங்கே தேய்ந்தது இங்கேயும் தேயும். வகுப்பில் சொல்ல ஒரு வாத்தியார் வேண்டும். அவ்வளவுதான்.

தப்புப் பாடம்

பாடம் இல்லாததை விட மோசமானது, தப்புப் பாடம்.

ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவுக்குப் பிறகு, மருத்துவப் புத்தகங்களில் ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவாகச் சொல்லும் பகுதிகள் பற்றிய பேச்சு எழுந்தது. அப்படிப்பட்ட புத்தகங்கள் வேண்டாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் கல்லூரிகளுக்கு அறிவுரை அனுப்பியது.

ஆனால் 2024 ஆகஸ்டில் அதே ஆணையத்தின் பாடத்திட்டத்தில் பழைய சரக்கு திரும்ப எட்டிப் பார்த்தது! எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் வாபஸ்.

வயது வந்தவர்கள் மனம் ஒப்பிச் சேர்வது குற்றம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-லேயே சொல்லிவிட்டது. டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது தெரியாவிட்டால், நாளை அவரிடம் வரும் நோயாளிதான் அவதிப்படுவார்.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு இல்லை. எல்லாப் பட்டப் படிப்புக்கும் ஒரே ஒரு தாள். விலங்கியல் ஆசிரியரும் சமூகவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தட்டும். மாதவிடாய் எப்படி வருகிறது என்று ஒருவர் சொல்லட்டும். மஞ்சள் நீராட்டுக்கு ஏன் ஊரைக் கூட்டுகிறார்கள் என்று இன்னொருவர் சொல்லட்டும். கூவாகம் திருவிழாவும் பாடமாகட்டும். இந்தியாவிலேயே முதலாவதாக, 2008-ல் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. அந்தப் பெருமையும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

ஆணும் பெண்ணும் ஒரே அறையில் உட்காரட்டும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சமா? பெயர் எழுதாமல் கேள்வியைத் துண்டுச் சீட்டில் போடட்டும். முதல் பாடம், சம்மதம். "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்.

"படிச்சா பிள்ளைங்க கெட்டுப் போயிடுவாங்களே" என்று பெற்றோர் பயப்படலாம். யுனெஸ்கோ பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்குப் பதில் இருக்கிறது. பாலியல் கல்வியால் அந்த நடத்தை கூடுவதில்லை. கெடுக்கும் சரக்கெல்லாம் செல்போனில் காசில்லாமல் கிடைக்கிறது. சரியானதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் படிச்சா பிள்ளை பெத்தாங்க?" என்று ஒரு பெரியவர் கேட்பார்.

பெற்றார்கள் அய்யா. பெண் பிள்ளை பெற்றதற்காக அடியும் வாங்கினார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, கேட்டுத் தெரிந்துகொண்டார் ஒரு நீதிபதி. சொல்லிக் கொடுப்பதற்கென்றே இருக்கும் கல்லூரிக்கு என்ன வெட்கம்?