லட்சங்களில் விலை... தண்ணீரில் கழுவலாமா? காஸ்ட்லி வாட்ச்சை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

கல்யாணத்தில் மாமனார் வீட்டில் போட்டது, வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் வாங்கி வந்தது, பதவி உயர்வு கிடைத்த மாதத்தில் ஆசைப்பட்டு வாங்கியது... காஸ்ட்லியான வாட்ச் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். வாங்கியபோது இருந்த பளபளப்பு சில மாதங்களில் மங்கும். செயின் இடுக்குகளில் கறுப்பாக அழுக்கு சேரும். 'கொஞ்சம் சோப்பு போட்டுக் கழுவினால் போச்சு' என்று நேராகக் குழாயடிக்குக் கொண்டு போவதில்தான் பிரச்னை ஆரம்பிக்கிறது.

வெளியே படியும் அழுக்கால் எந்த வாட்ச்சும் ஒரே நாளில் கெட்டுப்போகாது. ஆனால், உள்ளே இறங்கும் சில சொட்டுத் தண்ணீர் போதும். டயல் கறை பிடிக்கும், முள் துருப்பிடிக்கும், மெஷினில் இருக்கும் எண்ணெய் கெடும். பிறகு சர்வீஸ் பில் பல ஆயிரங்களைத் தாண்டும். அதனால், எதைப் போட்டுக் கழுவுவது என்பதைவிட, இந்த வாட்ச்சைத் தண்ணீரில் காட்டலாமா என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அழுக்கை அப்படியே விட்டால் என்ன?

விடக் கூடாது. வியர்வை காய்ந்தாலும் அதில் இருந்த உப்பு போகாது. அதோடு இறந்த தோல் செல்கள், பவுடர், சன்ஸ்க்ரீன், தூசி எல்லாம் சேர்ந்து செயின் இடுக்குகளில் பசைபோலப் படிந்துவிடும். கை அசையும்போதெல்லாம் செயின் கண்ணிகளும் அசைகின்றன. அப்போது இந்தப் பசை உப்புத்தாள்போல உள்ளிருக்கும் பின்களைத் தேய்க்கும். சில வருடங்களில் செயின் தொளதொளவென்று தொங்க ஆரம்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரும்பாலான நல்ல வாட்ச்களில் 316எல் என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும், ரோலெக்ஸில் 904எல் ரகமும் பயன்படுத்தப்படுகின்றன. இரண்டுமே எளிதில் துருப்பிடிக்காதவை. ஆனாலும், உப்பும் ஈரமும் இடுக்கில் நாள்கணக்கில் தங்கினால் ஸ்டீலிலும் சிறு சிறு குழிகள் விழலாம். செயினையும் வாட்ச்சையும் இணைக்கும் மெல்லிய ஸ்பிரிங் பின் அரித்துப்போனால், ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும்போதே வாட்ச் கழன்று விழுந்துவிடும்.

பின்மூடியைப் படியுங்கள்!

வாட்ச்சைத் திருப்பினால் பின்மூடியில் 30எம், 50எம், 100எம் என்றோ, 3 பார், 5 பார், 10 பார் என்றோ எழுதியிருக்கும். சில வாட்ச்களில் இது டயலில் இருக்கும். '30 மீட்டர் என்றால் 30 மீட்டர் ஆழம் வரை போகலாம்' என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புது வாட்ச், அசையாத நிலையில், சோதனைக்கூடத்தில் தாங்கும் அழுத்தம்தான் அந்த எண். நடைமுறையில் இப்படிப் புரிந்துகொள்ளலாம்...

* 30 மீட்டர்: கை கழுவும்போது தெறிக்கும் நீரையும் லேசான மழைத்தூறலையும் தாங்கும். குழாய்க்கு அடியில் காட்டக் கூடாது.
* 50 மீட்டர்: கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சுத்தம் செய்ய ஈரத்துணியே பாதுகாப்பானது.
* 100 மீட்டர் மற்றும் அதற்கு மேல்: ரப்பர் கேஸ்கெட் நல்ல நிலையில் இருந்தால் தண்ணீரில் கழுவலாம்.
* எதுவுமே எழுதவில்லை என்றால்: ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக் கூடாது.

விலைக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கேசியோ ஜி-ஷாக் 200 மீட்டர் ரகம். லட்சங்களில் விற்கும் கார்டியேவின் 'டேங்க் மஸ்ட்' 30 மீட்டர்தான். 1969-ல் நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வரிசையின் இன்றைய 'மூன்வாட்ச்' 50 மீட்டர் ரகம். 'இவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருக்கிறோம், தண்ணீர்கூடத் தாங்காதா?' என்ற நம்பிக்கைதான் பல நல்ல வாட்ச்களைக் கெடுக்கிறது.

குக்கர் கேஸ்கெட் பாடம்

பிரஷர் குக்கர் கேஸ்கெட் புதிதாக இருக்கும்போது கச்சிதமாகப் பிடிக்கும். நாளாக நாளாக இறுகி, சுருங்கி, ஓரத்தில் ஆவி கசியும். வாட்ச்சுக்கும் இதே கதைதான். பின்மூடி, கண்ணாடி ஓரம், நேரம் மாற்றும் திருகு ஆகிய மூன்று இடங்களிலும் மெல்லிய கேஸ்கெட் இருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது அதுதான். பத்து வருடங்களுக்கு முன் வாங்கிய 100 மீட்டர் வாட்ச், இன்றும் 100 மீட்டர் தாங்கும் என்று சொல்ல முடியாது.

தெருமுனைக் கடையில் பேட்டரி மாற்றிய வாட்ச் என்றால் இன்னும் கவனம் தேவை. பின்மூடியைத் திறந்து மூடும்போது கேஸ்கெட் மடங்கியிருக்கலாம், சரியாக உட்காராமல் போயிருக்கலாம். பேட்டரி மாற்றும்போதே புது கேஸ்கெட் போட்டு, 'பிரஷர் டெஸ்ட்' செய்து தரும்படி கேளுங்கள். காற்றழுத்தத்தை வைத்தே செய்யும் சோதனை என்பதால் வாட்ச் நனையாது.

திருகையும் மறக்கக் கூடாது. கிரவுன் என்று கடைகளில் சொல்லப்படும் இந்தத் திருகு, சில வாட்ச்களில் பாட்டில் மூடிபோல மரையோடு இறுகும். 1926-ல் வந்த ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் இப்படித் திருகி மூடும் அமைப்புக்காகவே பேர் வாங்கியது. அடுத்த ஆண்டு, மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இங்கிலாந்து நீச்சல் வீராங்கனை அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். குளிர் தாங்காமல் நீச்சலை அவரால் முடிக்க முடியவில்லை. ஆனால், 10 மணி நேரத்துக்கும் மேல் கடல்நீரில் இருந்த வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அதே வாட்ச்சில் திருகை மூடாமல் விட்டால், வாஷ்பேசின் தண்ணீரே போதும், உள்ளே இறங்கிவிடும்!

சுத்தம் செய்யும் முறை

தேவையானவை: கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி இரண்டு, குழந்தைகளுக்கான மென்மையான டூத் பிரஷ் (புதியது), ஒரு கிண்ணம், பாத்திரம் கழுவும் லிக்விட் ஓரிரு சொட்டு.

1. சிங்க்கில் வைத்துச் செய்ய வேண்டாம். மேஜையில் துண்டு விரித்து, அதன் மேல் செய்யுங்கள். வழுக்கி விழுந்தாலும் அடிபடாது.

2. திருகு முழுவதும் உள்ளே அழுந்தியிருக்கிறதா, மரை உள்ளது என்றால் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பலம் கொண்டு முறுக்கத் தேவையில்லை.

3. முதலில் காய்ந்த துணியால் தூசியைத் துடைத்துவிடுங்கள். மணல் துகளோடு தேய்த்தால் கீறல் விழும்.

4. கிண்ணத்தில் சாதாரண தண்ணீரில் லிக்விட்டைக் கலக்குங்கள். வெந்நீர் கூடவே கூடாது. சூடு பட்டால் கேஸ்கெட் இளகி, பிடிமானம் குறையலாம். வெந்நீர்க் குளியலின்போது வாட்ச்சைக் கழற்றிவிடச் சொல்வதும் இதனால்தான்.

5. 100 மீட்டருக்கு மேற்பட்ட, கேஸ்கெட் சரிபார்த்த வாட்ச் என்றால், பிரஷ்ஷை நனைத்து செயின் இடுக்கு, கொக்கியின் உட்புறம், பின்மூடி ஓரம் எல்லாவற்றையும் மெதுவாகத் தேய்க்கலாம். பிறகு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் மாற்றி அலசுங்கள். குழாயை வேகமாகத் திறந்து காட்ட வேண்டாம்.

6. 30, 50 மீட்டர் வாட்ச் என்றால், பிழிந்த ஈரத்துணியால் மட்டும் வாட்ச்சைத் துடையுங்கள். ஸ்டீல் செயினை மட்டும், வாட்ச் பகுதி மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, லேசாக நனைத்த பிரஷ்ஷால் தேய்க்கலாம்.

7. ஈரம் இருக்கும்போது திருகையோ ஸ்டாப்வாட்ச் பட்டன்களையோ தொடவே கூடாது. அழுத்தினால் தண்ணீருக்கு நாமே வழி திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

8. இரண்டாவது துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். ஸ்பீக்கர் பக்கத்திலும் வைக்க வேண்டாம், அதன் காந்தம் மெக்கானிக்கல் வாட்ச்சின் நேரத்தைப் பாதிக்கலாம்.

தினமும் கழற்றியதும் ஒரு துடை துடைத்துவிட்டால், மாதம் ஒருமுறை இப்படிச் செய்வதே அதிகம்.

தோல் ஸ்ட்ராப், முலாம், தாத்தா காலத்து வாட்ச்

தோல் ஸ்ட்ராப்பை நனைத்தால் வெடித்து, நாற்றமடிக்கும். காய்ந்த துணியால் துடைத்து, காற்றில் ஆற விடுவதோடு சரி. வியர்வை அதிகம் உள்ளவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுவது நல்லது. தங்க முலாம் பூசிய வாட்ச்சைப் பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது, முலாம் மிக மெல்லியது. தாத்தாவின் பழைய எச்.எம்.டி போன்ற சாவி கொடுக்கும் வாட்ச்களுக்குக் காய்ந்த துணி மட்டுமே. உள்ளே தூசி தெரிந்தாலும் வீட்டில் திறக்க வேண்டாம்.

நகைக்கு ஆகும்... வாட்ச்சுக்கு ஆகாது!

வெள்ளிக்கு விபூதி, பித்தளைக்குப் புளி, தங்கத்துக்குப் பூந்திக்கொட்டை என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கம் உண்டு. இவை எதுவும் வாட்ச்சுக்குச் சரிப்படாது. நகை முழுவதும் உலோகம். வாட்ச்சிலோ ரப்பர், கண்ணாடி, பெயின்ட், எண்ணெய் எல்லாம் இருக்கின்றன. டூத்பேஸ்ட்டிலும் பேக்கிங் சோடாவிலும் இருக்கும் நுண்துகள்கள் பாலிஷ் போட்ட பரப்பில் மெல்லிய கோடுகளைப் போடும். எலுமிச்சை, வினிகர், பிளீச்சிங் பவுடர், சானிடைசர் எல்லாவற்றுக்கும் 'நோ' சொல்லிவிடுங்கள். நகைக்கடையில் இருக்கும் அல்ட்ராசோனிக் மெஷினில் கழற்றிய செயினை மட்டுமே போடலாம். அந்த அதிர்வில் வாட்ச் பகுதியைப் போட்டால், உள்ளிருக்கும் சின்னஞ்சிறு ஸ்க்ரூக்கள் தளரக்கூடும்.

கீறல் என்பது அழுக்கு இல்லை, துடைத்தால் போகாது. ஒவ்வொரு பாலிஷிலும் மெல்லிய அடுக்கு உலோகம் தேய்ந்துதான் பளபளப்பு வருகிறது. ஓரங்கள் மழுங்கிய வாட்ச்சுக்கு மறுவிற்பனையில் விலையும் குறையும். அதனால் சின்னக் கீறல்களை விட்டுவிடுவதே லாபம்.

கண்ணாடிக்குள் பனி படிந்தால்?

ஈரம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அரிசி டப்பாவில் புதைப்பது, பல்புக்குக் கீழே வைப்பது எல்லாம் நேரத்தைத்தான் வீணாக்கும். மேலே தெரியும் பனி மறைந்தாலும், உள்ளே ஈரம் இருந்துகொண்டு துருவை ஆரம்பித்துவிடும். திருகைத் தொடாமல், முடிந்தால் அன்றைக்கே அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கோ, அனுபவமுள்ள வாட்ச் மெக்கானிக்கிடமோ கொண்டு போய்விடுங்கள். சீக்கிரம் திறந்து உலர்த்தினால், டயலையும் மெஷினையும் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

இன்று இரவு வாட்ச்சைக் கழற்றும்போது ஒரு நிமிடம் திருப்பிப் பாருங்கள். பின்மூடியில் என்ன எண் இருக்கிறது, கடைசியாக எப்போது அதைத் திறந்தார்கள் என்பது தெரியவில்லை என்றால், தண்ணீரை மறந்துவிட்டுத் துணியை மட்டும் எடுங்கள்.