படக்கதையில் இல்லாத போர்

நுழையும்முன்

படக்கதை என்றாலே சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். பிரிட்டனில் வரையப்பட்டுக் காவிரிக்கரைவரை வந்து சேர்ந்த போர்ப் படக்கதைகளைக் குறித்த ஒரு கருத்து இங்கே முன்வைக்கப்படுகிறது.

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் ஊருக்குச் செல்லும் வண்டிக்காகக் காத்திருந்த மாலைகளில்தான் எனக்கு வாசிப்புப் பழக்கம் ஏற்பட்டது. பெட்டிக்கடையின் முகப்பில் தொங்கிய வார இதழ்களுக்கு நடுவே சிறிய அளவிலான படக்கதை நூல்கள் இருக்கும். குறுவை நெல் விற்ற வாரத்தில் இரண்டு வாங்கலாம். மற்ற வாரங்களில் ஒன்றை நால்வர் மாற்றி மாற்றிப் படிப்போம். கடைசியாகப் படிப்பவனுக்கு அட்டை இருக்காது.

அந்நூல்களுள் எங்களை ஆட்டிப்படைத்தவன் இரும்புக்கை மாயாவி. சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1972ஆம் ஆண்டு இவன் கதையைத்தான் தன் முதல் வெளியீடாகத் தந்தது. வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல் மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும். அவன் பேசிய தமிழ் அத்துணை இயல்பாக இருந்ததால், அவன் வேற்றுநாட்டவன் என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை. இலண்டனில் 1962இல் தொடங்கிய 'வேலியன்ட்' என்னும் வார இதழில் பிறந்தவன் அவன் என்பதையும், முதலில் எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பெயின் நாட்டு ஓவியர் என்பதையும் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன். இதில் எங்கள் அறியாமை மட்டும் காரணமன்று. அக்காலப் பிரிட்டானிய வார இதழ்கள் எழுதியவர், வரைந்தவர் பெயர்களைப் பெரும்பாலும் அச்சிடுவதே இல்லை. 1977இல் '2000 ஏ.டி.' என்னும் இதழ் தொடங்கிய பிறகே அந்நிலை மாறத் தொடங்கியது.

பெயர் மறைக்கப்பட்டவர்கள் படைப்பாளிகள் மட்டுமல்லர் என்பதை எனக்கு உணர்த்தியவர் எங்கள் தெருவில் வாழ்ந்த முதியவர் ஒருவர். இளமையில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா சென்று, இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆங்கிலப் போர்ப் படக்கதை ஒன்றைத் திண்ணையில் வைத்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பர்மாக் காட்டில் ஆங்கிலேய வீரர்களும் ஜப்பானிய வீரர்களும் மோதும் கதை அது. பெரியவர் அதை வாங்கி, மெதுவாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முடிவில், "தம்பி, எல்லாரும் சுட்டுக்கிட்டே இருக்கானுவ. குழி வெட்டுறது யாரு?" என்று கேட்டுவிட்டு நூலைத் திருப்பித் தந்தார். அன்று எனக்கு அக்கேள்வி விளங்கவில்லை.

அந்நூல்கள் எவ்வாறு உருவாயின என்பதைப் பார்த்தால் கேள்வியின் கனம் புரியும். ஃப்ளீட்வே நிறுவனம் 1958இல் 'வார் பிக்சர் லைப்ரரி' என்னும் வரிசையைத் தொடங்கியது. டண்டீ நகரைச் சேர்ந்த டி.சி. தாம்சன் நிறுவனம் 1961இல் 'கமாண்டோ' வரிசையைத் தொடங்கியது. அது இன்றளவும் வெளிவருகிறது. ஒவ்வொரு நூலும் கையடக்க அளவில் ஒரு முழுக்கதை. துப்பாக்கியின் விசை முதல் விமானத்தின் இறக்கை வரை எல்லாம் துல்லியமாக இருக்கும். ஆனால், ஜெர்மானியன் என்றால் கத்துவான், ஜப்பானியன் என்றால் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்வான் என்பது பல கதைகளில் வாய்பாடாகவே ஆகிவிட்டிருந்தது. வேடிக்கை என்னவெனில், பிரிட்டனின் வீரத்தைப் போற்றிய இக்கதைகள் சிலவற்றை வரைந்தவர், போரில் பிரிட்டனின் எதிரி நாடாக இருந்த இத்தாலியைச் சேர்ந்த ஹியூகோ பிராட். எதிரணியில் பிறந்தவர் கையையும் அந்த வாய்பாடு விட்டுவைக்கவில்லை.

வாய்பாட்டை உடைத்தவர்களும் பிரிட்டானியரே. 1979இல் 'பேட்டில்' வார இதழில் பேட் மில்ஸ் எழுத, ஜோ கொஹூன் வரைய, 'சார்லியின் போர்' தொடங்கியது. சார்லிக்குப் பதினாறு வயது; ஏறத்தாழ உங்கள் வயதுதான். உழைக்கும் குடும்பத்துப் பையன். வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்து, 1916இல் சோம் போர்க்களத்துக்குப் போகிறான். அப்போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டானியப் படையில் இறந்தவர்கள் 19,000க்கும் மேற்பட்டோர். எழுத்துப்பிழைகள் நிறைந்த கடிதங்களை வீட்டுக்கு அனுப்பும் அவன் வழியாகவே வாசகர் போரைப் பார்க்கின்றனர். தன் வீரர்களைக் காப்பாற்றப் பின்வாங்கிய அதிகாரி ஒருவரை அவருடைய சொந்தப் படையே சுட்டுக் கொல்வதையும் அக்கதை காட்டுகிறது.

கொஹூனைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 1954இல் 'டைகர்' இதழில் தொடங்கிய 'ராய் ஆஃப் தி ரோவர்ஸ்' என்னும் புகழ்பெற்ற கால்பந்துப் படக்கதையை முதலில் வரைந்தவரும் அவரே. விளையாட்டுக் கதையின் இலக்கணம் எளியது: தோல்வியின் விளிம்பில் 'தொடரும்' என முடியும், அடுத்த வாரம் ராய் கோல் அடிப்பான். வாரந்தோறும் கடைசி நிமிட வெற்றியை வரைந்து பழகிய அதே கை, கால் நூற்றாண்டுக்குப் பின் சார்லியின் நண்பன் ஜிஞ்சரின் சாவை வரைந்தது. முன்னறிவிப்பின்றி வந்து விழும் ஒரு குண்டு. எஞ்சியதைச் சார்லி ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு நடக்கிறான். கடைசி நிமிட மீட்பு அங்கே இல்லை. போரும் விளையாட்டும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கட்டுரை எதையும் நான் படித்ததில்லை.

படங்களை வரிசைப்படுத்திக் கதை சொல்வதை இறக்குமதிச் சரக்கு என்று கருதுவோர் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குச் சென்று வரலாம். அங்கே கருவறைப் புறச்சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு கட்டங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. இன்னார் கதை என்று தமிழில் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சியைக் காண மண்டியிட்டுக் குனிய வேண்டும். ஏறத்தாழ ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பார்ப்பதுபோலவே. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால வண்ணப்பூச்சின் கீழ் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி. அங்கே ஒரு போர்க்காட்சியும் உண்டு. திரிபுரம் எரிக்கத் தேரில் நிற்கும் சிவனுக்கு எதிரே அசுரர் கூட்டம். அக்கூட்டத்தில், கணவரைப் பற்றிக்கொண்டு அஞ்சிக் கலங்கும் அசுரப் பெண்களையும் அந்த ஓவியர் வரைந்திருக்கிறார். வெற்றி பெற்ற கடவுளின் கோயில். வெற்றி பெற்ற மன்னனின் பணம். ஆயினும், தோற்பவர் வீட்டுக் கண்ணீருக்கு அச்சுவரில் இடம் கிடைத்தது. அவர் பெயரும் நமக்குத் தெரியாது.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். 1942-43இல் ஜப்பானியப் படை சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கி.மீ. நீள இருப்புப்பாதை அமைத்தது. அதில் வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக அங்கே கொண்டு செல்லப்பட்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர். தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்ட குடும்பங்கள் அத்தோட்டங்களில் ஏராளம். காலராவிலும் பசியிலும் மாண்ட தொழிலாளர் பல பத்தாயிரவர். எவரும் பேரேடு எழுதாததால் மதிப்பீடுகள் மட்டுமே உள்ளன. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர்களோடு வரிசையாக நிற்கின்றன. நம்மவருக்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

அக்கைதிகளுள் ஒருவர் ரொனால்ட் சர்ல், பின்னாளில் பிரிட்டனின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் ஆனவர். காவலர் கண்ணில் படாமல் வரைந்து, காலராவில் கிடந்தோரின் படுக்கைக்கு அடியில் ஒளித்துக் காத்த அவருடைய படங்கள் இன்று இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆங்கிலேயக் கைதியின் துயரத்துக்கு ஒரு பென்சில் இருந்தது. மண்வெட்டி பிடித்த தஞ்சை உழவருக்கு அது இல்லை. பின்னர் மலேசிய எழுத்தாளர் சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் புதினம் எழுதினார். எழுத்தில் அவர் தொடங்கியதைப் படமாக்க வரைகோல் பிடித்தவர்கள் முன்வர வேண்டும் என்பதே என் வாதம்.

படக்கதை மாணவரின் மொழித்திறனைக் கெடுக்கும் என்போருக்கு நான் நீண்ட மறுமொழி சொல்லப்போவதில்லை. இரும்புக்கை மாயாவியிடம் தமிழ் கற்ற நான் இக்கட்டுரையை எழுதுவதே போதும். போர்ப் படக்கதை வன்முறையை விரும்பச் செய்யும் என்னும் மறுப்பு அதைவிடக் கனமானது. அதில் பாதியை நான் ஏற்கிறேன். துப்பாக்கியின் அழகை மட்டும் வரையும் கதைக்கு அது பொருந்தும். சாக்கைச் சுமக்கும் சார்லிக்குப் பொருந்தாது.

ஓவியம் வரையத் தெரிந்த மாணவர் ஒருவரேனும் உங்கள் வகுப்பில் இருப்பார். அவருக்குத் தேவையான காட்சிகள் தொலைவில் இல்லை: கங்காணி வந்து நின்ற களத்துமேடு, நாகப்பட்டினம் துறையில் நின்ற ரஜூலா கப்பல், அதில் ஏறியவர் கையிலிருந்த தகரப்பெட்டி. எங்கள் தெருப் பெரியவரின் பெட்டி இப்போதும் அவருடைய பேரன் வீட்டில் இருக்கிறது. உளுந்து விதை போட்டு வைத்திருக்கிறார்கள். மூடியின் உட்புறம் வெள்ளைச் சாயத்தில் எழுதிய 'பினாங்கு' என்னும் சொல்லில் முதல் இரண்டு எழுத்துகள் அழிந்துவிட்டன.