கேஷ் வேறு, காசு வேறு

இலக்கிய மன்ற ஆண்டு விழா என்றால் இந்த வசனம் இல்லாமல் இருக்காது. பேச்சாளர் மைக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்காரன் நம் காசை மட்டுமா கொண்டுபோனான் என்பார். கொஞ்சம் நிறுத்துவார். காசு என்ற சொல்லையும் அல்லவா கொண்டுபோய் கேஷ் ஆக்கிக்கொண்டான் என்று முடிப்பார். பள்ளி ஆண்டு மலரில், பட்டிமன்றத்தில், இப்போது கைபேசியில் என்று இதையே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஓசை ஒத்துப்போகிறது என்பது முதல் வாதம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ம்பபரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தற்செயல், அவ்வளவுதான்.

காசு பழைய சொல் என்பது அடுத்தது. யார் மறுத்தார்கள்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு வாய்பாடாகவும் இருக்கிறது. நம் வீட்டுப் பத்திரம் பழையது என்பதால் பக்கத்து வீடும் நமதாகிவிடுமா?

ஆங்கிலத்துக்குக் கட்டுமரம் போகவில்லையா, சுருட்டு போகவில்லையா என்பார்கள். போயின. போன தடம் தெரிகிறது.

கேஷ் வந்த தடமும் தெரிகிறது, பார்க்கத்தான் ஆளில்லை. ஆங்கிலத்தில் அது தலைகாட்டியது 1590-களில். அப்போது அதற்குப் பணம் என்று மட்டும் பொருளல்ல; பணம் வைக்கும் பெட்டி என்றும் பொருள். பிரெஞ்சில் ‘கேஸ்’, இத்தாலியனில் ‘காஸ்ஸா’, எல்லாவற்றுக்கும் தாய் லத்தீனின் ‘காப்ஸா’. பெட்டியேதான். பெட்டியின் பெயர் உள்ளிருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. ஆகுபெயரைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நாட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பெட்டி என்ற பொருள் ஆங்கிலத்தில் தேய்ந்து மறைய, பணம் மட்டும் நின்றுகொண்டது. பாரிஸில் கடையில் பணம் கட்டும் இடத்துக்கு இன்றும் ‘கேஸ்’தான், சரக்கு அடைக்கும் மரப்பெட்டிக்கும் அதே பெயர். பேச்சாளர் கணக்குப்படி பிரெஞ்சுக்காரன், இத்தாலியன், ஜெர்மானியன் அத்தனை பேரும் நம் காசைத் திருடியவர்கள். திருடிய அவசரத்தில் ‘பெட்டி’ என்று தப்பாகக் குறித்துக்கொண்டார்கள் போலும்.

காலமும் ஒத்துவரவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ 1599 வாக்கில் எழுதப்பட்ட நாடகம். அதில் ரொக்கம் என்ற பொருளில் கேஷ் வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்ததே 1600 டிசம்பர் 31-இல்தான். சென்னைக்கு வந்து இடம் பிடித்தது 1639-இல்.

சூட்கேஸில் இருக்கும் ‘கேஸ்’ இந்தக் காப்ஸாவின் வம்சம். போலீஸ் கேஸ் அந்த வம்சமல்ல. அது ‘விழுதல்’ என்ற பொருளுள்ள வேறு லத்தீன் வேரிலிருந்து வந்தது. பணம் எண்ணும் கேஷியர் பெட்டியோடு வந்தவர். ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வேலையைவிட்டு நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. டச்சு வழியாக வந்த அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே மொழிக்குள், ஒரே எழுத்துக்கூட்டலில் இவ்வளவு ஆள்மாறாட்டம் நடக்கிறது. நம்மவர்களோ கடல் தாண்டி ஒரு ஓசையைக் கேட்டதும் பங்காளி என்று கட்டிப்பிடிக்கிறார்கள்.

இதில் வேடிக்கை, நம் காசு உண்மையிலேயே ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. அது இன்னொரு கேஷ். காசு என்று கேட்ட போர்த்துகீசியர் தங்களுக்குப் பழகிய ‘காய்ஷா’ என்ற சொல்லை அதற்குப் போர்த்திவிட்டார்கள். அவர்கள் மொழியில் அதற்கும் பெட்டி என்றுதான் பொருள்! ஆங்கிலேயர் அதைக் கேஷ் ஆக்கினார்கள். அது ரொக்கத்துக்குப் பெயரல்ல, சில்லறைக்குப் பெயர். சென்னையில் 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818-இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இதுதான் நடப்பு. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தார்கள். நம் சொல் சீனா வரை போய் வேலை பார்த்திருக்கிறது. இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

சாட்சி வேண்டுவோருக்கு அதுவும் இருக்கிறது. சென்னைக்காக பர்மிங்ஹாமின் சோஹோ ஆலையில் அடித்த 10 கேஷ், 20 கேஷ் செம்பு நாணயங்களோடு கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அந்த நாணயங்களை ஏராளமாக அள்ளி எடுத்தார்கள். 20 கேஷ் நாணயத்தைப் புரட்டினால் மேலே பாரசீக எழுத்தில் ‘காஸ்’, அடியில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’. நம் காசு கையும் களவுமாக அங்கே அகப்படுகிறது. ஆனால் ஒரு கேஷ் என்பது வராகனில் 3,360-இல் ஒரு பங்கு. அத்தனை சின்னக் காசைப் பற்றிப் பேசினால் பொன்னாடை யார் போர்த்துவார்கள்?