சக்கரத்தின் விளிம்பும் நமது இலக்கியத் தீட்டும்

அலாய் சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய காப்புப் பட்டையைக் கழற்றி மாற்றுவது பற்றியெல்லாம் இலக்கியம் பேசுமிடத்தில் எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். இக்குறிப்பு அவர்களுக்கானது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நமது எழுத்தில் அந்நிலம் 'பறிபோன வயல்' என்ற ஒற்றைப் படிமமாகவே பெரிதும் எஞ்சுகிறது. வயல் போனது உண்மை. ஆனால் வயல் போன இடத்தில் கைகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன; அக்கைகள் அறிந்தது என்ன என்று நாம் கேட்பதில்லை.

அந்த அறிவு எளிதானதன்று. பழைய பட்டையைப் பிய்த்து இழுத்தால் பசை சக்கரத்திலேயே தங்கிவிடும். மிதமான சூடு காட்டிப் பசையை இளக்கி, தாழ்ந்த கோணத்தில் மெல்ல உரிக்க வேண்டும். எஞ்சியதை பிளேடால் சுரண்டுவது பெரும் பிழை. அலுமினியக் கலவையின் மேலுள்ள மெல்லிய பூச்சு கீறப்பட்டால், அவ்வழியே ஈரம் நுழைந்து உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, முற்றிலும் உலர்ந்த பின்பே புதியதை ஒட்ட வேண்டும். ஒட்டும்போது பட்டையை இழுத்து நீட்டக்கூடாது. நீட்டியது பின்னர் சுருங்கி முனை கிளம்பும். அழுத்தமும் நேரமும் சேர்ந்துதான் பசைக்குப் பிடிப்பைத் தருகின்றன. ஆகவே ஒரு நாளாவது தண்ணீர் படாமல் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, பழைய பட்டையின் அடியில் விரிசலோ நெளிவோ உண்டா என்று பார்த்தாக வேண்டும். அதை மறைத்து மேலே ஒட்டுவது அழகுபடுத்தல் அல்ல, ஓட்டுபவரின் உயிரோடு விளையாடுவது.

இதில் தமிழுக்கு அந்நியமானது எது? மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, நீரூற்றிச் சுருங்கவைத்து இறுக்கிய கொல்லர்கள் நம்மிடையே இருந்தார்கள். அங்கே பொருத்தச் சூடு, இங்கே பிரிக்கச் சூடு. சிறுபாணாற்றுப்படையின் புலவர் தேர்ச்சக்கரத்தின் குறட்டையும் ஆரத்தையும் நேமியையும் பெயர் சொல்லிப் பாடினார். குறட்டில் உளி பதித்த வடுவைக்கூட அவர் கண் தவறவிடவில்லை. தச்சரின் வேலை தம் கவிதைக்குத் தீட்டு என்று அவர் கருதவில்லை.

அவருடைய வாரிசுகள் என்று மார்தட்டும் நாம் செய்வதென்ன? ஒரு கூட்டம் 'ரிம்' என்ற சொல்லைக் கேட்டதும் மொழி அழிந்தது என்கிறது. கலைச்சொல் ஒன்றை உருவாக்கி, பட்டறைப் பக்கமே போகாமல் அகராதியில் புதைக்கிறது. இன்னொரு கூட்டம் தொழிலாளியைப் போற்றிக் கவிதை எழுதுகிறது. அவர் செய்யும் தொழிலைப் பற்றி ஒரு வரிகூட அதில் இராது. முதலாவது அறியாமை என்றால் இரண்டாவது பாவனை. நமக்கு இரண்டும் வேண்டாம்.

வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் நாள்தோறும் சக்கரங்கள் உருள்கின்றன. அவற்றைச் செய்வோரும் பழுதுபார்ப்போரும் தங்களுக்குள் ஒரு தமிழ் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரிம்மும் வால்வும் பசையும் கலந்த அந்தத் தமிழ் நம் எழுத்துக்குள் வராத வரை, செம்மொழிப் பெருமிதம் நமக்கு வெறும் மேலொட்டிய பட்டைதான்.